நடுவில் நிற்கும் ரவுட்டருக்கு உங்களைத் தெரியாது

இரத்தப் பரிசோதனை நிலையம், நகைக்கடை, கூட்டுறவுச் சங்கம், கல்வி நிலையம் என்று எதுவாக இருந்தாலும், யாழ்ப்பாணத்தில் ஒரு தொழில் நாலைந்து கிளைகளாக வளர்ந்ததும் ஒரே தேவை வந்துவிடுகிறது. சுன்னாகத்துக் கணினியும் சாவகச்சேரிக் கணினியும் பருத்தித்துறைக் கணினியும் ஒரு கூரைக்குக் கீழ் இருக்கிற மாதிரிப் பேசிக்கொள்ள வேண்டும். கொழும்பில் ஒரு சேர்வர் இருந்தால் அதோடும் பேச வேண்டும். தொலைத்தொடர்பு நிறுவனங்கள் இதற்கென்று விற்கிற சேவைகளில் முக்கியமானது எம்பிஎல்எஸ் விபிஎன்: பக்கற் எனப்படும் தரவுத் துண்டுகளின் மேல் லேபல் என்ற எண்ணை ஒட்டி அனுப்புகிற எம்பிஎல்எஸ் முறையில், பொதுவான லைன்களின் மேல் கட்டிய தனி வலையமைப்பு. நெட்வேர்க் வேலையில் இருக்கிறவன் என்பதால், ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க முதல் பலர் என்னிடம் கேட்பார்கள்: "தம்பி, எங்கட டேட்டா மற்ற ஆக்களின்ர டேட்டாவோட கலந்து போகாதோ?"

கலந்துதான் போகும். உங்கள் பரிசோதனை முடிவும் பக்கத்துக் கடைக்காரரின் விற்பனைக் கணக்கும் ஒரே பைபரில், ஒரே ரவுட்டர்கள் ஊடாக, ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். ஆனால் ஒன்றின் வீட்டுக்கு மற்றது போய்ச் சேராது. அது எப்படி நடக்கிறது என்பதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். நான் படித்த நெட்வேர்க் வடிவமைப்புகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நம்முடைய பிள்ளைகள் இதைப் பரீட்சைக்கான கட்டளைகளாக மனப்பாடம் செய்துவிட்டுப் போகிறார்கள். உள்ளே இருக்கிற யோசனை அவர்களுக்குச் சொல்லப்படுவதில்லை என்பது எனக்கு உண்மையான கவலை.

முதலில் பழைய வழி. 1990களில் ஒரு நிறுவனம் தன் கிளைகளை இணைக்க வாடகை லைன் எடுத்தது, அல்லது ஃபிரேம் ரிலே, ஏ.டி.எம் போன்ற சேவைகளில் கிளைக்குக் கிளை ஒரு சுற்றுப்பாதை போட்டது. எல்லாக் கிளையும் எல்லாக் கிளையோடும் நேராகப் பேச வேண்டுமானால் 12 கிளைக்கு 66 சுற்றுப்பாதைகள். பதின்மூன்றாவது கிளை திறந்தால் இன்னும் 12. ஒவ்வொன்றையும் இரண்டு பக்கத்திலும் ஆள் இருந்து அமைக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் மாதாமாதம் காசு கட்ட வேண்டும். அதனால் பெரும்பாலானவர்கள் தலைமையகத்துக்கு மட்டும் லைன் போட்டுக்கொண்டு, மற்றதெல்லாம் அங்கே போய்த் திரும்பி வரட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

லேபல் என்ற யோசனை பிறந்தது வேறொரு காரணத்துக்காக. அந்தக் காலத்து ரவுட்டர் ஒவ்வொரு பக்கற்றின் ஐபி முகவரியையும் எடுத்து, தன் பெரிய அட்டவணையில் அதற்கு மிக நீளமாகப் பொருந்துகிற வரியைத் தேடும். பெரும்பாலும் மென்பொருளில் நடந்த இந்தத் தேடல் மெதுவானது. ஏ.டி.எம் சுவிட்சுகளோ ஒரு சின்ன எண்ணைப் பார்த்து உடனே தள்ளிவிட்டன. அந்த வேகத்தை ஐபிக்கும் கொண்டுவர முடியுமா என்று 1996 அளவில் இப்சிலன் என்ற சிறிய நிறுவனம் முயன்றது. சிஸ்கோ டாக் சுவிட்சிங் என்று ஒன்றை முன்வைத்தது. ஐபிஎம், தோஷிபா ஆகியனவும் தங்கள் வழிகளோடு வந்தன. 1997 இல் இணையப் பொறியியல் பணிக்குழுவான ஐ.இ.டி.எஃப் இதற்கென்று ஒரு குழு அமைத்தது. எம்பிஎல்எஸ்ஸின் அடிப்படைக் கட்டமைப்பைச் சொல்லும் ஐ.இ.டி.எஃப் ஆவணமான ஆர்.எஃப்.சி 3031 வெளிவந்தது 2001 ஜனவரியில்.

அதற்குள் சில்லுகள் வேகமாகிவிட்டன. நீளப் பொருத்தத்தையும் வன்பொருளிலேயே செய்ய முடிந்தது. எந்தக் காரணத்துக்காக லேபல் வந்ததோ அந்தக் காரணம் பெரும்பாலும் போய்விட்டது. ஆனாலும் லேபல் நின்றது. ஒரு பக்கற்றின் மேல் லேபல் ஒட்டிவிட்டால், நடுவில் இருக்கிற ரவுட்டர் உள்ளே என்ன முகவரி இருக்கிறதென்று பார்க்கத் தேவையில்லை. பார்க்காதவனுக்கு அந்த முகவரி தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. இந்தக் குணத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு முழு விபிஎன் முறையையே கட்டலாம் என்று கண்டவர்கள் எரிக் ரோசனும் யாக்கவ் ரெக்டரும். 1999 மார்ச்சில் அவர்கள் எழுதிய ஆர்.எஃப்.சி 2547, 2006 பெப்ரவரியில் 4364 ஆகத் திருத்தி வெளியிடப்பட்டது. இந்த ரெக்டர்தான் 1989 இல் கேர்க் லொஹீட்டோடு சேர்ந்து, ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் முறையாக இன்றைக்கும் முழு இணையத்தையும் தைத்து வைத்திருக்கிற பிஜிபியைச் சாப்பாட்டு மேசை நாப்கின்களில் வரைந்தவர்.

2006 என்று எழுதும்போது எனக்கு வேறொன்றும் நினைவுக்கு வருகிறது. குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை 2002 இல் திறந்து, 2006 ஓகஸ்டில் போரால் மறுபடி மூடப்பட்டது. உலகம் முழுக்க நிறுவனங்கள் இந்த முறைக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில் குடாநாட்டுக்கு அரிசியே கப்பலில் வந்துகொண்டிருந்தது. இங்கே இந்தத் தொழில்நுட்பம் பிந்தி வந்ததற்கு அறிவுக்குறை காரணமில்லை.

சரி, ஒரு பக்கற்றோடு போவோம். கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: சேவை நிறுவனத்தின் விளிம்பு ரவுட்டர் ஒன்று யாழ்ப்பாணத்தில், ஒன்று கொழும்பில். நடுவில் வவுனியாவிலும் அநுராதபுரத்திலும் ஒவ்வொன்று. விளிம்பில் இருப்பதை பி.இ என்போம், நடுவில் இருப்பதை பி என்போம், வாடிக்கையாளரின் கிளையில் இருப்பது சி.இ.

சுன்னாகத்துக் கிளையின் சி.இ, சாதாரண ஐபி பக்கற் ஒன்றை யாழ்ப்பாணத்து பி.இக்கு அனுப்புகிறது. அதற்கு லேபல் என்றால் என்னவென்றே தெரியாது, தெரியவும் வேண்டாம். பி.இ அந்தப் பக்கற் எந்த வாசலால் வந்தது என்று பார்க்கிறது. ஒவ்வொரு வாடிக்கையாளரின் வாசலுக்கும் வி.ஆர்.எஃப் என்ற தனி அட்டவணை அதற்குள் இருக்கிறது. அந்த வாசலால் வந்த பக்கற் அந்த அட்டவணையில் மட்டும்தான் தேடப்படும். மற்ற வாடிக்கையாளரின் அட்டவணையை எட்டிப்பார்க்க அதற்கு வழியே இல்லை.

அட்டவணை சொல்கிறது: இது கொழும்பு பி.இக்குப் போக வேண்டியது. உடனே இரண்டு லேபல்கள் ஏறுகின்றன. உள்லேபல் கொழும்பு பி.இ முன்கூட்டியே சொல்லிவைத்த எண், 3021 என்று வைப்போம். "இந்த எண்ணோடு என்னிடம் வந்தால் இன்ன வாடிக்கையாளரின் இன்ன வாசலுக்கு அனுப்புவேன்" என்பது அதன் பொருள். வெளிலேபல் கொழும்பு பி.இ வரை போய்ச் சேருவதற்கு மட்டும். அது 118 ஆகப் புறப்பட்டு, வவுனியாவில் 57 ஆக மாற்றப்பட்டு, அநுராதபுரத்தில் கழற்றப்படுகிறது. கடைசிக்கு முதல் ரவுட்டரே வெளிலேபலைக் கழற்றிவிடும், அடுத்தவருக்கு ஒரு தேடல் மிச்சம். கொழும்பு பி.இ 3021ஐப் பார்த்து, கழற்றி, உரிய வாசலுக்கு வெறும் ஐபி பக்கற்றாகத் தள்ளிவிடுகிறது.

எண் ஏன் வழியில் மாறுகிறது என்று எல்லா மாணவரும் கேட்பார்கள். நல்லூர்த் திருவிழாவுக்குப் போனால் சைக்கிளை நிறுத்துகிற இடத்தில் ஒரு துண்டு தருவார்களே, அதில் 57 என்று இருக்கும். அடுத்த வளவில் நிறுத்தினவரின் கையிலும் 57 இருக்கலாம். எண் கொடுத்த வளவுக்குள் மட்டும்தான் அந்த எண்ணுக்குப் பொருள். லேபலும் அப்படித்தான். வவுனியா ரவுட்டர் கொடுத்த எண் வவுனியாவுக்கு மட்டும், அநுராதபுரம் கொடுத்தது அநுராதபுரத்துக்கு மட்டும். நாடு முழுவதற்கும் பொதுவான எண் பட்டியலை ஒருவர் இருந்து பராமரிக்கத் தேவையில்லை. ஒரு லேபல் முழுக்க 32 பிட். அதில் எண்ணுக்கு 20, முன்னுரிமை வகுப்புக்கு 3, அடுக்கின் அடியில் இருப்பது இதுதான் என்று காட்ட 1, ஆயுள் எண்ணிக்கையான டி.டி.எல்லுக்கு 8. இந்த 4 பைட்டில்தான் இத்தனையும்.

முகவரிக்கு வருவோம். இங்கே எந்தக் கடைக்குப் போனாலும் 192.168.1 என்றுதான் தொடங்கும், ரவுட்டர் பெட்டியோடு வந்த எண். பத்து வாடிக்கையாளர் அதே முகவரியை வைத்திருந்தால் பிஜிபி எதை எங்கே அனுப்பும்? இதற்கு ரோசனும் ரெக்டரும் சொன்ன வழி, ஒவ்வொரு பாதையின் முன்னாலும் 8 பைட் எண் ஒன்றைச் சேர்ப்பது. ரூட் டிஸ்டிங்குவிஷர் என்பது அதுதான். 4 பைட் முகவரி 12 பைட் ஆகிறது. பிஜிபியின் கண்ணுக்கு இரண்டு 192.168.1.0 உம் இரண்டு வேறு பாதைகள்.

இதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். வாடிக்கையாளர்களைப் பிரிப்பது இந்த எண்தான் என்று சில வகுப்புகளிலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது தவறு. அந்த எண் பாதைகள் ஒன்றையொன்று அழித்துவிடாமல் காக்கிறது, அவ்வளவுதான். எந்தப் பாதை யாருடைய அட்டவணைக்குள் போகலாம் என்று தீர்மானிப்பது ரூட் டார்கெட் என்ற இன்னொரு எண். ஒவ்வொரு வி.ஆர்.எஃப்பும் தன் பாதைகளை வெளியே அனுப்பும்போது ஒரு டார்கெட்டை ஒட்டி அனுப்புகிறது. எந்த டார்கெட் ஒட்டியதை உள்ளே எடுப்பேன் என்றும் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. எல்லாக் கிளையும் ஒரே எண்ணை ஒட்டி, அதே எண்ணை உள்ளே எடுத்தால், எல்லாரும் எல்லாரோடும் நேராகப் பேசலாம். கிளைகள் ஓர் எண்ணை ஒட்டி, தலைமையகத்தின் எண்ணை மட்டும் உள்ளே எடுத்தால், கிளைக்குக் கிளை நேராகப் பேச முடியாது, எல்லாம் தலைமையகம் ஊடாக. இரண்டு நிறுவனங்கள் ஒரு சேர்வரை மட்டும் பகிர வேண்டுமானால் அதற்கு இன்னோர் எண். கேபிளைத் தொடாமல், எண்களை மட்டும் மாற்றி எந்த வடிவத்தையும் கட்டலாம். பதின்மூன்றாவது கிளை கொடிகாமத்தில் திறந்தால், அந்தக் கிளை சேருகிற பி.இயில் மட்டும் வேலை. மற்றவற்றுக்கு பிஜிபி சொல்லிவிடும்.

இத்தனையும் நடக்கும்போது வவுனியா ரவுட்டருக்கு எதுவும் தெரியாது. வாடிக்கையாளர் பத்துப் பேரா, பத்தாயிரம் பேரா, அவர்களின் முகவரி என்ன, ஒன்றும் அதன் அட்டவணையில் இல்லை. சேவை நிறுவனத்தின் சொந்த ரவுட்டர்களுக்குப் போகிற வழி மட்டும் இருந்தால் போதும். பெரிய முதுகெலும்பு வலையமைப்புகள் இத்தனை வாடிக்கையாளரைத் தாங்கி நிற்பது இதனால்தான்.

இந்த அறியாமையை நீங்களே கண்ணால் பார்க்கலாம். சேவை நிறுவனம் தன் உள்வழியை மறைக்காமல் விட்டிருந்தால், வழியில் உள்ள ஒவ்வொரு ரவுட்டரின் பதிலும் வர எடுத்த நேரத்தைக் காட்டும் ட்ரேஸ்ரூட் கட்டளையை, கிளையிலிருந்து கொழும்பு சேர்வருக்குப் போட்டுப் பாருங்கள். நடுவில் உள்ள ரவுட்டர்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மில்லிசெக்கன் காட்டும். வவுனியாவுக்கும் கொழும்புக்கும் ஒரே நேரம். "அண்ணை, வவுனியாவிலதான் லைன் ஸ்லோ" என்று பெடியள் உடனே முடிவு கட்டிவிடுவார்கள். நடப்பது இது: ட்ரேஸ்ரூட் வேண்டுமென்றே குறைவாக வைத்து அனுப்பும் டி.டி.எல், ரவுட்டருக்கு ஒன்றாகக் குறைந்து தீர்ந்து, பக்கற் வவுனியாவில் விழுகிறது. அதை அனுப்பியவருக்குச் சொல்ல வேண்டும். ஆனால் அனுப்பியவர் ஒரு 192.168 முகவரி, அந்த முகவரிக்கு வவுனியாவிடம் வழி இல்லை. ஆகவே அது தன் பதிலின் மேலும் அதே லேபல் அடுக்கை வைத்து, முன்னே கொழும்புக்கே தள்ளிவிடுகிறது. வழி தெரிந்த அந்த முனைக்குப் போய், அங்கிருந்துதான் பதில் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வருகிறது. இதை 2001 இலேயே ஆர்.எஃப்.சி 3032 எழுதி வைத்துவிட்டது. பைபரில் ஒளி செக்கனுக்கு ஏறக்குறைய 2 இலட்சம் கிலோமீற்றர் போகும். ஏ9 வழியே கொழும்பு சுமார் 400 கிலோமீற்றர். போய்வர 4 மில்லிசெக்கன் எப்படியும் வேண்டும். அதற்கு மேல் காட்டுவது கருவிகளும் சுற்றுவழிகளும் எடுத்த நேரம்.

அதே குணம் ஒரு தடவை எங்களை நன்றாக அலையவும் வைத்தது. ஒரு மருத்துவப் பரிசோதனை நிலையத்தின் கிளையில் எல்லாம் சரி. பதில் வருகிறதா என்று பார்க்கும் பிங் சோதனை போகிறது, மென்பொருள் திறக்கிறது, முடிவுகளைத் தட்டச்சு செய்து அனுப்பினால் போகிறது. எக்ஸ்ரே படம் ஏற்றினால் மட்டும் பாதியில் நின்றுவிடும். "காலமை வந்த ஆக்கள் இன்னும் இருக்கினம்" என்று அங்கே வேலை செய்த அக்கா தொலைபேசியில் சொன்னார். துண்டாக்கக்கூடாது என்ற குறியோடு பிங்கின் அளவை ஏற்றிக்கொண்டே போனோம். 1464 பைட் போனது. 1465 போகவில்லை. அதைக் கண்டதும் கணக்கு வெளிச்சமாகிவிட்டது. 1464 உடன் தலைப்புகள் 28 சேர்த்தால் 1492. இரண்டு லேபல், 8 பைட். வழியில் எங்கோ ஓர் இணைப்பு லேபலையும் சேர்த்து 1500 தான் தாங்கும் என்று விடப்பட்டிருக்கிறது. 1500 பைட் முழு அளவுப் பக்கற், லேபல்கள் ஏறியதும் 1508 ஆகி அங்கே விழுகிறது. பெரிதாக இருக்கிறது என்று சொல்லும் செய்தியும் முன்னே கொழும்புக்குப் போய்த் திரும்ப வேண்டியது. அந்த முனையில் இருந்த பயர்வோல், இப்படியான அறிவிப்புகளைக் கொண்டுபோகும் ஐ.சி.எம்.பி செய்திகள் எல்லாவற்றையும் தடுத்திருந்தது. அனுப்புகிற கணினிக்குக் கடைசிவரை எதுவும் தெரியவில்லை.

அன்றைக்கே கிளை ரவுட்டரில், ஒரு பக்கற்றில் ஏற்றும் தரவின் அளவை, அதாவது டி.சி.பியின் துண்டு அளவை, 1452க்குக் குறைத்தோம், படம் போனது. பிறகு நிறுவனம் தன் பக்கத்து அளவைக் கூட்டியது. எம்பிஎல்எஸ் லைன் எடுக்கிற யாருக்கும் நான் சொல்வது: முதல் நாளே 1472 பைட் பிங்கைத் துண்டாக்காமல் போட்டுப் பார்த்துவிட்டு லைனை ஏற்றுக்கொள்ளுங்கள்.

இனி, ஆரம்பத்தில் சொன்ன அந்தக் கேள்வியின் கனமான பகுதி. மாறிப் போகாது என்றேன். அதைக் காப்பது அட்டவணைகள். அட்டவணைகளை நிரப்புவது சேவை நிறுவனத்தின் ஊழியர், அல்லது அவர் எழுதிய ஸ்கிரிப்ட். 65010:120 என்று போட வேண்டிய டார்கெட்டில், இன்னொரு நிறுவனத்தின் 65010:210 என்று விழுந்தால், இரண்டு நிறுவனங்களின் பாதைகள் ஒரே அட்டவணையில் வந்துவிடும். எச்சரிக்கை மணி எதுவும் அடிக்காது. லேபலில் பூட்டும் கிடையாது. பைபரில் ஓடுவது மறைகுறியாக்கப்படாத தரவு. வழியில் ஒருவர் பக்கற்றைப் பிரதி எடுத்தால் அப்படியே வாசிக்கலாம். எம்பிஎல்எஸ் விபிஎன்னின் பாதுகாப்பை ஆராய்ந்த ஆர்.எஃப்.சி 4381, 2006 இல் வந்தது. சேவை நிறுவனத்தின் வலையமைப்பு சரியாக அமைக்கப்பட்டிருந்தால் இது பழைய ஃபிரேம் ரிலே, ஏ.டி.எம் அளவுக்குப் பிரிவினை தரும் என்பதே அதன் கணிப்பு. அந்த "அமைக்கப்பட்டிருந்தால்" முழுக்க நிறுவனத்தின் கையில் இருக்கிறது.

பழம் விற்ற கணக்கென்றால் பரவாயில்லை. ஒருவருக்கு என்ன நோய், ஒரு குடும்பம் எந்த நகையை அடகு வைத்திருக்கிறது என்பதெல்லாம் இந்தச் சிறிய ஊரில் வெளியே போகவே கூடாதவை. 2022 இன் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அது இல்லாவிட்டாலும் இது நம்முடைய கடமை. அதனால், நான் அமைத்துக்கொடுக்கிற இடங்களில் கிளை ரவுட்டருக்கும் தலைமையக ரவுட்டருக்கும் இடையில் பக்கற்றை மறைகுறியாக்கும் ஐபிசெக் போட்டு, எம்பிஎல்எஸ் அதன் கீழே ஓடுகிற மாதிரிச் செய்கிறேன். "காசு குடுத்துத் தனி லைன் எடுத்தாச்சு, பிறகு உது என்னத்துக்கு?" என்று முதலாளிமார் கேட்பார்கள். லைன் உங்கள் பக்கற்றைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோகும், வழியில் யாரும் வாசிக்காமல் பார்ப்பது உங்கள் வேலை என்று சொல்லி விளங்கப்படுத்துவேன். ஐபிசெக்கும் பைட் எடுக்கும் என்பதால் முழுப் பக்கற்றின் அளவை இன்னும் குறைக்க வேண்டும், 1400 வைத்தால் பெரும்பாலும் சிக்கல் இல்லை.

எம்பிஎல்எஸ் செத்துவிட்டது, இனி எஸ்.டி.வான் தான் என்று ஒரு பேச்சு இருக்கிறது. சாதாரண இணைய லைன்களின் மேல் சுரங்கம் போட்டு ஓட்டுவது மலிவுதான், சின்னக் கிளைகளுக்கு நானும் அதைச் சொல்கிறேன். ஆனால் அந்த இணைய லைன் போய் ஏறுகிற முதுகெலும்பிலும் பெரும்பாலும் லேபல்தான் ஓடுகிறது.

கடைசியாக ஒன்று, இது குடாநாட்டுக்கே உரியது. லேபல் பாதை அறுந்தால் சில பத்து மில்லிசெக்கனுக்குள் மாற்று வழிக்குத் திருப்புகிற முறை 2005 முதல், ஆர்.எஃப்.சி 4090 இலிருந்து இருக்கிறது. மாற்று வழி நிலத்தில் இருந்தால்தான் அது வேலை செய்யும். நமக்குத் தரைவழி ஆனையிறவு ஊடாகப் போகிற ஏ9, மற்றது 2011 இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலம் ஊடாகப் பூநகரிப் பக்கம் போகிற ஏ32. இரண்டு நிறுவனங்களிடம் இரண்டு லைன் எடுத்துவிட்டால் இரண்டு வழி கிடைத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். இரண்டு கேபிளும் ஒரே றோட்டோரத்தில் கிடந்தால் ஒரு ஜேசிபி இரண்டையும் அறுத்துவிடும். 4ஜியை மாற்றாக வைத்தாலும், அந்தக் கோபுரத்திலிருந்து தெற்கே போகிற பைபர் எந்த வழியால் போகிறது என்று தெரிய வேண்டும். லைன் எடுக்கும்போது வேகத்தையும் மாத வாடகையையும் கேட்கிறோம். கூடவே, ஆனையிறவாலா சங்குப்பிட்டியாலா என்று இரண்டு நிறுவனங்களிடமும் எழுத்தில் கேட்டு, பதிலைப் பார்த்த பிறகு கையெழுத்து வையுங்கள்.